நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது?

தேசத்தின் சொத்தாகப் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 1990-ம் ஆண்டுப் பட்டியலில் சார்லஸ் பர்னெட் இயக்கிய ‘கில்லர் ஆஃப் ஷீப்’ இடம்பெற்றது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் கதை அது. அரசாங்கமே போற்றிய அந்தப் படம் தியேட்டர்களில் முறையாக வெளியாக இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. அதை யாரும் தடை செய்யவில்லை. நெகட்டிவ் தொலையவும் இல்லை. படத்தில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு உரிமை வாங்கியிருக்கவில்லை. அதுதான் காரணம்.

யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பட்டத்துக்காக பர்னெட் எடுத்த படம் இது. செலவு 10,000 டாலருக்கும் கீழே. அக்கம்பக்கத்தாரே நடித்தார்கள். வார இறுதிகளில் படப்பிடிப்பு நடந்தது. பால் ராப்சன், டைனா வாஷிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங் ஆகியோரின் பாடல்களைத் தனக்குப் பிடித்தபடி காட்சிகளோடு சேர்த்தார். வகுப்பில் காட்டப்போகிற படத்துக்காக எந்த மாணவன் இசை நிறுவனங்களின் வாசலில் போய் நிற்பான்? 1981-ல் பெர்லின் திரைப்பட விழாவில் விமர்சகர் பரிசும் கிடைத்தது. ஆனால், வெளியிட வேண்டும் என்று வந்தபோது பாட்டுரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் தேவைப்பட்டது. படம் எடுத்த செலவைப்போல 15 மடங்குக்கும் மேல். மைல்ஸ்டோன் என்ற சிறிய விநியோக நிறுவனம், இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் போன்றோரின் உதவியோடு அந்தத் தொகையைத் திரட்டி 2007-ல் படத்தை வெளியிட்டது. அப்போதும் ஒரு பாட்டுக்கு உரிமை கிடைக்காமல், முடிவில் வேறு பாட்டை வைத்தார்கள்.

கலைப்படங்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்டால் நம்மிடம் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. மக்களுக்கு ரசனை இல்லை. இல்லையென்றால், அதிகாரத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், உலகம் கொண்டாடும் படங்கள் பலவற்றின் கதையை விசாரித்தால், விஷயம் ஒப்பந்தத் தாளிலும் லேப் கிடங்கிலும்தான் போய் நிற்கிறது. படம் யாருக்குச் சொந்தம், நெகட்டிவ் எங்கே, செலவை யார் ஏற்பது? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் படம் பெட்டியை விட்டு வெளியே வராது.

வாரிசும் வில்லங்கமும்

பிரெஞ்சு இயக்குநர் ஜான் உஸ்தாஷின் ‘தி மதர் அண்ட் தி ஹோர்’ 1973-ல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும் பரிசை வென்றது. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். பிரெஞ்சு சினிமாவின் உச்சங்களில் ஒன்று என்று விமர்சகர்கள் எழுதாத ஆண்டே இல்லை. 1981-ல் உஸ்தாஷ் தற்கொலை செய்துகொண்டார். உரிமை மகனிடம் போனது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தப் படத்துக்கு முறையான டிவிடி கூட இல்லை. மங்கலான வீடியோ பிரதிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தை கனிந்து, படம் துலக்கப்பட்டு, 2022-ல் மீண்டும் கான் விழாவிலேயே திரையிடப்பட்டது. பரிசு வாங்கியதற்கும் அதற்கும் இடையே 49 ஆண்டுகள்.

படத்தின் உரிமையும் பூர்வீகச் சொத்து மாதிரிதான். மூலப்பத்திரம் ஒருவரிடம், அனுபவ பாத்தியதை இன்னொருவரிடம், வெளிநாட்டில் இருக்கும் பங்காளி கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் வாங்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு படத்தின் ‘ஆசிரியர்’ என்று தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. இயக்குநருக்கு அந்த இடம் இல்லை. வணிகப் படமென்றால் தயாரிப்பாளர் கைவிட்டாலும் பைனான்சியர் விடமாட்டார். லேப் லெட்டர், நெகட்டிவ் உரிமை, சாட்டிலைட் உரிமை என்று ஏதோ ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். கலைப்படத்தின் நிலை வேறு. ஒரே ஒரு படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தயாரிப்பாளர் தொழிலை விட்டே போயிருப்பார். அவருடைய நிறுவனம் இன்று இருக்காது. தாத்தா படம் எடுத்த விஷயமே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடித்து, வக்கீல் வைத்துத் தாள்களைச் சரிசெய்ய ஆகும் செலவு, படத்தை விற்றால் வரும் காசைவிட அதிகம். அதனால் யாரும் தேடுவதில்லை.

இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ 1960-ல் வந்தது; 2021 முதல் அது பொதுச்சொத்து. அவருடைய முதல் படமான ‘நாகரிக்’ அதற்கும் முன்பே, 1952-ல் எடுத்து முடிக்கப்பட்டது. கட்டக் 1976-ல் இறந்த பிறகு, 1977-ல்தான் வெளியானது. கால் நூற்றாண்டு முடங்கிக் கிடந்த படத்துக்குப் பதிப்புரிமை முடிவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது. இன்னொன்றும் உண்டு. உரிமை பொதுவானாலும், துலக்கிப் பார்க்க நல்ல பிரதி எங்காவது இருந்தாக வேண்டும்.

கிடங்கில் கிடந்த படங்கள்

1950-களிலிருந்து பெரும்பாலான படங்கள் அசிடேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அது வினிகர் நெடியோடு சுருங்கி, முறுகி, அழியும். குளிரூட்டப்பட்ட, ஈரம் இல்லாத கிடங்கு வேண்டும். அந்தக் கிடங்குக்கு மாதாமாதம் பணம் கட்ட ஆள் வேண்டும். லேப்கள் இருந்தவரை நெகட்டிவ் அங்கேயே கிடந்தது. டிஜிட்டல் வந்து லேப்கள் மூடப்பட்டபோது, கேட்பாரில்லாத பெட்டிகள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நிரத் மகாபாத்ராவின் ஒடியா படமான ‘மாயா மிருக’ 1984-ல் கான் விழாவின் விமர்சகர் வாரத்துக்குத் தேர்வானது. பல மொழிப் படங்களும் சென்னை லேப்களை நம்பியிருந்த காலம் அது. இந்தப் படத்தின் 16 எம்.எம். நெகட்டிவ் பின்னாளில் சென்னைக் கிடங்கு ஒன்றில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டுத் துலக்கி, 2024-ல் இத்தாலியின் பொலோனா விழாவில் திரையிட்டது. அதைப் பார்க்க மகாபாத்ரா இல்லை, 2015-லேயே காலமாகிவிட்டார். மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’க்கு இந்த அதிர்ஷ்டம்கூட வாய்க்கவில்லை. நெகட்டிவே கிடைக்கவில்லை. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் இருந்த பழைய பிரதிகளை வைத்துத்தான் 2021-ல் படத்தை மீட்டார்கள். அந்தப் பிரதிகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்காவிட்டால், பிள்ளைகளை விலங்குகளாக மாற்றிவிடும் அந்த மாயக்காரனை நாம் செவிவழிக் கதையாக மட்டுமே கேட்டிருப்போம்.

ஈரானியப் படமான ‘செஸ் ஆஃப் தி விண்ட்’ விஷயத்தில் தற்செயல்தான் காப்பாற்றியது. முகமது ரெஸா அஸ்லானி 1976-ல் எடுத்தது. டெஹ்ரான் விழாவில் ஒரு மோசமான திரையிடல். புரட்சிக்குப் பின் தடை. படம் அழிந்தேபோனது என்று எல்லோரும் நம்பினார்கள். 2014-ல் டெஹ்ரான் புறநகரில் ஒரு பழம்பொருள் கடையில் இயக்குநரின் மகன் கண்ணில் அந்த நெகட்டிவ் பெட்டிகள் பட்டன. அவை பாரிஸ் போய், 2020-ல் படம் புதுப் பொலிவோடு வெளிவந்தது. அந்தப் படத்துக்குத் தடை இருந்தது உண்மை. ஆனால், தடை விதித்த அரசால்கூட அதை முழுதாக ஒழிக்க முடியவில்லை. அக்கறையின்மையோ அதைச் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுகிறது.

நம் வீட்டுக் கதை

ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977-ல் வந்தது. வெங்கட் சாமிநாதன் எழுதியது, எம்.பி.சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. தியேட்டர்கள் அதைச் சீண்டவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. இன்று இணையத்தில் உலவும் மங்கலான பிரதியில், கறுப்பு வெள்ளையின் நுணுக்கங்களை யூகித்துத்தான் பார்க்க வேண்டும். பாலு மகேந்திராவின் ‘வீடு’ அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகியவற்றின் நெகட்டிவ் அழிந்துபோனதைச் சொல்லி வருந்திய பாலு மகேந்திரா, தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக்காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014-ல் மறைந்தார்.

‘இப்போதுதான் ஓ.டி.டி. இருக்கிறதே’ என்று ஒருவர் கேட்கலாம். ஓ.டி.டி. தளங்கள் படங்களைச் சேமித்து வைப்பதற்காக இல்லை. நாட்டுக்கு நாடு, குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கி ஓட்டுகின்றன. காலம் முடிந்ததும் படம் இறங்கிவிடும். உலகக் கலைப்படங்களுக்குப் பெயர்போன கிரைடீரியன் சேனல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். திருட்டுப் பிரதியை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. கமல் ஸ்வரூப் 1988-ல் முடித்த ‘ஓம் தர் பதர்’ 2014-ல்தான் தியேட்டருக்கு வந்தது. இடைப்பட்ட 26 ஆண்டுகளும் அதை உயிரோடு வைத்திருந்தவை மாணவர்களிடையே கைமாறிய வீடியோ பிரதிகள்தான். ஆனால், அந்தப் பிரதி ‘படம்தான் இருக்கிறதே’ என்ற பொய் நிம்மதியையும் தருகிறது. நெகட்டிவ் அழிந்துகொண்டிருப்பது நமக்கு உறைப்பதில்லை.

இன்று சுயாதீனப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு ஃபிலிம் சுருளின் தொல்லை இல்லை என்றாலும், ஹார்ட் டிஸ்க் அதைவிடச் சீக்கிரம் பழுதாகும். கூட்டாகப் பணம் போட்டுப் படம் எடுக்கும் நண்பர்கள், உரிமை யாருக்கு என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாட்டைப் பயன்படுத்தினால் திரைப்பட விழாவுக்கு மட்டும் என்று இல்லாமல், எல்லா ஊடகத்துக்கும் சேர்த்து உரிமை வாங்க வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பாட்டு வேண்டாம். முடித்த படத்தின் மூலக்கோப்பு வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று பிரதிகளாக இருக்கட்டும். பழைய தயாரிப்பாளர்களின் வாரிசுகளுக்கும் ஒரு வார்த்தை: பரணில் ஃபிலிம் பெட்டி இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள், ஆவணக்காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரசும் பாலு மகேந்திரா கேட்டதைச் செய்யட்டும். விருது கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. விருது வாங்கிய படம் 50 ஆண்டு கழித்தும் திரையில் ஓடும் நிலையில் இருந்தால்தான் அந்த விருதுக்கு அர்த்தம்.