நோய் தணிந்த பின்னும் கருத்து வேண்டும்

நோய் ஒருநாளில் வந்து மறுநாளில் மறைவதன்று. அதற்கும் பருவங்கள் உண்டு. இது தாதியர் கல்வியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. வீட்டில் நோயாளரைப் பேணும் தாய்மாரும் அறிந்திருத்தல் நன்று. இத்தகைய அறிவைத் தமிழிலே பெறுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்து, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மூலமே மாணவரைப் பயிற்றினார்.

சின்னமுத்தை எடுத்துக்கொள்வோம். கிருமி உட்புகுந்தபின் ஏறக்குறைய 10 நாள்கள் பிள்ளை வழமைபோல ஓடி விளையாடும். இது நோய் மறைந்திருக்கும் காலம். அடுத்து வருவது முன்குறிக் காலம்: காய்ச்சல், தடிமன், இருமல், கண் சிவத்தல் ஆகியன தோன்றும். தடிப்புத் தோன்றுமுன்னரே நோய் பிறரைத் தொற்றத் தொடங்கிவிடும். சில நாள்களில் முகத்திலே தொடங்கி உடலெங்கும் செந்நிறத் தடிப்புகள் பரவ, நோய் உச்சமடையும். பின்னர் தணியும் காலமும், இறுதியில் தேறும் காலமும் வரும்.

காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிற்றென நாம் எண்ணிவிடுகிறோம். சின்னமுத்து உடலிலுள்ள விற்றமின் ஏ சத்தைக் குறைத்துவிடும். அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் தோன்றும். குறைபாடு முற்றினால் கருவிழி புண்பட்டுப் பார்வையே பறிபோகலாம். ஆதலாலேயே, சின்னமுத்துக் கண்ட பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த இரு நாள்களில் விற்றமின் ஏ கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. அதன் அளவை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

நம்மிற் சிலரோ பத்தியம் என்று முட்டை, மீன், பால் அனைத்தையும் விலக்கி, நாட்கணக்கிற் கஞ்சி மட்டுமே கொடுப்பர். காய்ச்சல் நாளிற் கஞ்சி நன்றே; அது நீரும் வலுவும் தரும். ஆயின் வெறும் அரிசிக் கஞ்சியில் விற்றமின் ஏ இல்லை. தேறும் காலத்திலோ உடல் இழந்ததை மீட்கவேண்டியிருக்கிறது. முற்றத்து முருங்கையின் இலையைத் தேங்காய்ப்பூவிட்டு வறையாகவோ, தேங்காய்ப்பாலிற் சொதியாகவோ ஆக்கலாம். கொழுப்புடன் சேர்ந்தாலன்றி அச்சத்து உடலில் நன்கு சேராது. பப்பாசிப்பழம், மாம்பழம், பூசணி, முட்டை யாவும் உதவும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

மூச்சு வாங்கல், கண் வலி, நீரும் அருந்தாமை, அயர்ந்து கிடத்தல் என்பன கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

வருமுன் காத்தல் அனைத்தினும் மேல். இலங்கையிற் சின்னமுத்து ஒழிந்ததென 2019 இல் அறிவிக்கப்பட்டும், 2023 இல் அது மீண்டும் பரவிற்று. 9 மாதத்திலும் 3 வயதிலும் ஏற்றும் தடுப்பூசியைத் தவறவிடாதீர். ஊசி நோயைத் தடுக்கும். நல்லுணவு உடலைத் தேற்றும். இரண்டும் பிள்ளைக்கு நாம் செய்யவேண்டிய கடமைகளே.