பைசன் என்று நம்பப்பட்ட கொம்பு

1887இல் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே, பாறையிலிருந்து ஒரு ஜோடிக் கொம்புகள் கிடைத்தன. அவை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓத்னியல் சார்ல்ஸ் மார்ஷின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. டைனோசர்களுக்குப் பெயர் வைத்தே புகழ்பெற்றவர் அவர். அவரே இவற்றைப் பழங்காலத்து ராட்சத பைசனின் (காட்டு மாட்டின்) கொம்புகள் என்று நம்பி, 'பைசன் ஆல்டிகார்னிஸ்' என்று பெயரும் சூட்டிவிட்டார்.

அவரைக் கேலி செய்வதில் நியாயமில்லை. மாட்டுக் கொம்பில் நம் கண்ணுக்குத் தெரிவது நகத்தைப் போன்ற கெரட்டின் உறை. அதற்குள்ளே மண்டையோட்டிலிருந்தே முளைத்த எலும்புத் தண்டு இருக்கிறது. மார்ஷ் பார்த்ததும் அப்படியொரு தண்டைத்தான். உறை எப்போதோ மக்கிப் போயிருந்தது.

பிறகு வயோமிங்கில் மாட்டுப் பண்ணை ஆள் ஒருவர், ஓடைச் சரிவில் துருத்திக்கொண்டிருந்த கொம்பின்மேல் சுருக்குக் கயிற்றை வீசி இழுத்தார். கொம்பு முறிந்து வந்தது, தலை பள்ளத்தில் உருண்டது. மார்ஷுக்காகப் புதைபடிவம் தேடிக்கொண்டிருந்த ஜான் பெல் ஹேட்சர் இதைக் கேள்விப்பட்டு, அந்தத் தலையைப் பெயர்த்து அனுப்பி வைத்தார். 1889இல் மார்ஷ் அதற்கு 'டிரைசெராடாப்ஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'முக்கொம்பு முகம்' என்று பொருள். டென்வர் கொம்புகளும் இப்படியொரு கொம்புள்ள டைனோசருடையவை என்று தெரிந்ததும் பைசன் பெயர் வழக்கொழிந்தது.

ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் தோன்றி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர் யுகம் முடியும் வரை வட அமெரிக்காவின் மேற்கில் வாழ்ந்த விலங்கு இது. நீளம் 8 முதல் 9 மீட்டர். எடை 5 முதல் 9 டன் வரை. தலை மட்டும் இரண்டரை மீட்டர் வரை! கண்ணுக்கு மேலே இரண்டு நெடுங்கொம்புகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர்; மூக்கின்மேல் குட்டையாக ஒன்று. தலைக்குப் பின்னால் முறத்தை நிமிர்த்தி வைத்தாற்போல ஓர் எலும்புத் தட்டு. உறவுக்கார டைனோசர்கள் பலவற்றுக்கு இந்தத் தட்டில் பெரிய ஓட்டைகள் உண்டு. இதற்கோ முழுக்கக் கெட்டியான எலும்பு. இவ்வளவு பாரத்தைத் தாங்குவதற்காகக் கழுத்தின் முதல் சில எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மண்டையோட்டின் பின்புறம் பந்து போல உருண்ட மூட்டு இருந்ததால், அத்தனை பெரிய தலையையும் நினைத்த பக்கம் திருப்ப முடிந்தது.

கொம்பைப் பார்த்து வியக்கிறவர்கள் வாயைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், அதிசயமே அங்கேதான் இருக்கிறது. முன்னால் கிளிமூக்கு போன்ற அலகு. பின்னால், மேல்தாடை, கீழ்தாடை இரண்டிலும் பக்கத்துக்கு 36 முதல் 40 வரிசைகளாகப் பற்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று முதல் ஐந்து பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. மொத்தம் 432 முதல் 800 வரை! மேல்பல் தேய்ந்து விழுந்தால் அடுத்தது தயார். மாடு போல அரைத்து அசைபோடுகிற வாயல்ல இது. மேல்தாடையும் கீழ்தாடையும் ஒன்றையொன்று உரசி, பாக்குவெட்டி போல நறுக்கும். 2015இல் கிரிகரி எரிக்சன் குழுவினர் இந்தப் பற்களை ஆராய்ந்தார்கள். ஊர்வன வகைப் பல்லில் பொதுவாக இரண்டு திசுக்கள், குதிரை, பைசன் பல்லில் நான்கு, இதிலோ ஐந்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்வதால், வெட்டுவாய் தானாகவே தீட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நாரோடிய இலையும் தண்டும் எம்மாத்திரம்?

சரி, கொம்பு எதற்கு? படக்கதைகளைக் கேட்டால் டைரனோசாரஸைக் குத்த என்பார்கள். அந்தச் சண்டையும் நடந்திருக்கிறது. ஒரு மண்டையோட்டில் டைரனோசாரஸ் கடித்த தடம் இருக்கிறது. கொம்பு ஒடிந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. அதாவது, கடிபட்டது பிழைத்து வாழ்ந்தது. ஆனால் அன்றாடப் பகை சொந்த இனத்துக்குள்தான் என்பதற்கே சாட்சி அதிகம். ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃபார்க்கே முதலில் சிறிய மாதிரித் தலைகளைச் செய்து, கொம்போடு கொம்பு எப்படிக் கோத்துக்கொள்ளும் என்று முட்டவிட்டுப் பார்த்தார். பிறகு 2009இல் அவரும் சக ஆய்வாளர்களும் மண்டையோட்டுக் காயங்களை எண்ணினார்கள். எதிராளியின் கொம்பு படக்கூடிய பின்தட்டுப் பகுதியில்தான் டிரைசெராடாப்ஸுக்குக் காயங்கள் மிகுதி. வேறு மாதிரிக் கொம்பமைப்புள்ள உறவுக்கார டைனோசரான சென்ட்ரோசாரஸுக்கு அந்த இடத்தில் அவ்வளவு காயமில்லை.

குட்டியின் தலையோ ஓரடி நீளம்தான், அதிலும் கட்டை விரல் போலக் கொம்பு முளைத்திருக்கிறது. இளமையில் அந்தக் கொம்பு பின்னோக்கி வளையும். வளர வளர முன்னோக்கித் திரும்பும். தலையைப் பார்த்தே வளர்ச்சிப் பருவத்தைச் சொல்லிவிடலாம்.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1905இல் முதன்முதலாக டிரைசெராடாப்ஸின் முழு எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தினார்கள். பல விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியது அது. பின்னங்கால் பாதங்கள் வாத்தலகு டைனோசருடையவை. பிற்பாடு திருத்தி, 'ஹேட்சர்' என்றே பெயர் வைத்தார்கள். 2019 முதல் அங்கே ஹேட்சர் நின்றுகொண்டில்லை. டைரனோசாரஸின் காலடியில், கடிபட்டுக் கிடக்கிறது.