மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

உங்கள் கூடத்தில் நான்கடி நீள மீன் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 60, உயரம் 60. விளிம்புவரை நிரப்பினால் 432 லிட்டர். இதற்குச் சிறு வடிகட்டி போதாது. அடியில் இன்னொரு தொட்டி வேண்டும். வீட்டு வாசலில் நிலத்துக்கடியில் கட்டுகிறோமே, அந்தச் 'சம்ப்' என்ற பெயரையே மீன் வளர்ப்போர் இதற்கும் வைத்துவிட்டார்கள்.

மேல் தொட்டியில் நிரம்பி வழியும் நீர் குழாய் வழியே சம்ப்பில் இறங்குகிறது. முதல் அறையிலுள்ள பஞ்சில் குப்பை தங்குகிறது. கடைசி அறையிலுள்ள பம்ப் நீரை மறுபடி மேலே ஏற்றுகிறது. நடு அறையில் நுண்துளைக் கற்களை நிரப்புகிறோம். ஏன் தெரியுமா? மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது அவற்றுக்கே நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். வேறு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இந்த உயிரிகள் கற்களின் பரப்பில் ஒட்டி வாழ்கின்றன. பெருகச் சில வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன்களை விட்டவர்கள் முதல் மாதத்திலேயே அவற்றை இழப்பது இதனால்தான்.

சம்ப்பை அக்ரிலிக் தகட்டில் நீங்களே செய்யலாம். அதன் எடை கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை; ரம்பத்தால் அறுக்கலாம், துளையிடலாம். விளிம்புகளைச் சமமாகத் தேய்த்துச் சேர்த்துவைத்து, இடுக்கில் மீத்திலின் குளோரைடைச் சிரிஞ்சால் விட்டால் அது தானே உள்ளே பரவும். இது பசையன்று. தகட்டின் மேற்பரப்பைக் கரைத்து, பின் ஆவியாகிவிடும். இரு தகடுகளும் ஒன்றாகிவிடும். அதன் ஆவி கெடுதலானது. திறந்த வெளியில், பெரியவர் துணையுடன் செய்யுங்கள்.

90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் என்று சம்ப்பைச் செய்து, 25 செ.மீ. நீர் நிறுத்துவோம். அந்த நீர் நீளப் பக்கத்தை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 28 கிலோ எடைக்குச் சமம்! ஆகவே 8 மி.மீ. தகடு வாங்குங்கள், மேல்விளிம்பைச் சுற்றி ஒரு பட்டையும் ஒட்டுங்கள்.

தகட்டை அறுக்கும் முன் போடவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நள்ளிரவில் மின்சாரம் போகிறது, பம்ப் நிற்கிறது. வழியும் விளிம்புக்குமேல் 2 செ.மீ. நீர் இருந்தால், 120 × 60 × 2, அதாவது 14.4 லிட்டர் கீழே இறங்கும். அத்துடன் நிற்காது. பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் நீருக்குள் 10 செ.மீ. மூழ்கியிருந்தால், அதுவே வடிகுழாயாக மாறி 72 லிட்டரை இறக்கிவிடும். சம்ப்பின் கொள்ளளவு 144 லிட்டர். 90 லிட்டர் ஏற்கெனவே உள்ளது. மிச்ச இடம் 54 தான். மீதி 18 லிட்டர்? உங்கள் கூடத்தில்! நான் இக்கணக்கைக் கற்றது தரையைத் துடைத்துக்கொண்டேதான்.

பரிகாரம் எளிது. அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே சிறு துளை போடுங்கள். நீர் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். ஒருவழி வால்வும் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதில் அழுக்கு சேர்ந்தால் முழுதாக மூடாது. நான் அதை நம்புவதில்லை. துளையையும் பாசி அடைக்கும். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். மீன் விடுமுன், பகலிலேயே நீங்களாக ஸ்விட்சை அணைத்து, சம்ப்பில் நீர் எதுவரை ஏறுகிறதென்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.