பாரஸீக வளைகுடாவில் வேவு பார்த்த கப்பல்கள்

அரேபியாவுக்கும் பாரஸீகத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பாரஸீக வளைகுடாவைப் பூகோளப் படத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் நீளம் சுமார் 600 மைல். ஆழமோ சொற்பம், சராசரி 20 பாகத்துக்கும் குறைவு. மணல் திட்டுகளும் பவழப் பாறைகளும் மலிந்த அந்த நீரில், வழி அறியாத கப்பல் தரை தட்டிப் போவது வெகு சுலபம். ஆகவே, அங்கே அதிகாரம் செலுத்த விரும்பியவர்களுக்குப் பீரங்கிக்கு முன்னதாகத் தேவைப்பட்டது தகவல். முதல் மகாயுத்தம் ஓய்ந்த 1918-ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் மகாயுத்தம் மூண்ட 1939-ஆம் ஆண்டுக்கும் இடையே அத்தகவல் எவ்வாறு திரட்டப்பட்டது, எவருடைய பணத்தில் திரட்டப்பட்டது என்ற வரலாறு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அந்த வரலாற்றின் ஒரு பாதி நம்முடைய வரலாறே ஆகும்.

அக்காலத்தில் வளைகுடாவின் அரபுக் கரையைப் பிரிட்டிஷார் லண்டனிலிருந்து நேராக நிர்வகிக்கவில்லை. பாரஸீகக் கரையிலுள்ள புஷயர் என்னும் துறைமுகத்தில் ஒரு ராஜாங்க ரெஸிடெண்டு வீற்றிருந்தார். குவெய்த், பாஹ்ரேன், மஸ்கத் ஆகிய இடங்களில் அவருக்குக் கீழ்ப்பட்ட ஏஜெண்டுகள் இருந்தனர். இவர்கள் எல்லோரும் இந்திய அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர்கள். இவர்கள் எழுதிய அறிக்கைகள் டில்லிக்கும் சிம்லாவுக்கும் வந்தன. அந்தக் கரையில் செலாவணியானது நமது ரூபாய். 1820-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கடற்கொள்ளையைக் கைவிட்ட ஷேக்குகள், 1892-இல் வேறு எந்த வல்லரசோடும் தொடர்பு கொள்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று ஓயாமல் கவனிப்பதே வேவு வேலையின் முதல் நோக்கமாக இருந்தது.

யுத்தத்துக்குப் பின் மற்றொரு நோக்கமும் சேர்ந்தது. 1908-இல் தென்மேற்குப் பாரஸீகத்தில் எண்ணெய் ஊற்றுக் கண்டார்கள். பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவந்த சமயம் அது. கடற்படை மந்திரியாக இருந்த சர்ச்சிலின் முயற்சியால், 1914-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் 22 லட்சம் பவுன் போட்டு ஆங்கிலோ-பாரஸீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும் பங்குகளை வாங்கிற்று. 1932-இல் பாஹ்ரேனிலும், 1938-இல் குவெய்த்திலும் ஸௌதி அரேபியாவிலும் எண்ணெய் பீறிட்டது. பாரஸீகக் கரை வழியாகப் பறக்க அனுமதி நீடிக்காமற் போகவே, இந்தியாவுக்கு வரும் ஆகாய விமானங்கள் 1932 முதல் அரபுக் கரையில் ஷார்ஜாவில் இறங்கலாயின. கடல், எண்ணெய், ஆகாயம் மூன்றும் ஒரே குறுகிய நீர்வழியைச் சுற்றி வந்து சேர்ந்தன.

இந்தக் காவலை மேற்கொண்டது கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவு. நம்மவருக்கு நன்கு தெரிந்த திருக்கோணமலையே அதன் தலைமைத் துறைமுகம். வளைகுடாவில் ஷோர்ஹாம், பைட்போர்டு, போவி, போக்ஸ்டன் முதலிய சிறு யுத்தக் கப்பல்கள் சுற்றி வந்தன. அவற்றுக்குத் தலைவரான மூத்த கடற்படை அதிகாரி முதலில் ஹெஞ்ஜாம் தீவைத் தங்குமிடமாகக் கொண்டிருந்தார்.

வேவு என்றவுடன் மாறுவேஷமும் நள்ளிரவுச் சந்திப்பும் நம் நினைவுக்கு வரும். இங்கே நடந்த வேலை பெரும்பாலும் அத்தகையதன்று. கப்பல் ஒரு கிராமத்துக்கு எதிரே நங்கூரம் போடும். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் ஒற்றைப் பேரீச்சமரத்தையும் திசை அடையாளமாகக் குறித்துக்கொள்வார்கள். ஷேக் கப்பலுக்கு வருவார், காப்பி பரிமாறப்படும், குசலப் பிரச்னம் நடக்கும். சென்ற மாதம் எந்த அந்நியக் கப்பல் வந்தது, துப்பாக்கி இறங்கியதா, அடிமைகள் ஏற்றிச் செல்லப்பட்டனரா, பக்கத்து ஷேக்கோடு சண்டையா சமாதானமா என்ற கேள்விகள் அந்தப் பேச்சினூடே வந்து போகும். மாலையில் எல்லாம் அறிக்கையாகும். ஏஜெண்டும் தம் பங்குக்குத் தனியே எழுதுவார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொல்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று நம் வள்ளுவர் ஒற்றாடலில் கூறியதைப் பிரிட்டிஷார் படித்தார்களோ இல்லையோ, செவ்வனே அனுஷ்டித்தார்கள்.

ஆனால் இவ்வளவும் ஆங்கிலேயரின் கண்களால் மட்டும் கண்டவை அல்ல. ஷார்ஜாவில் 1930-களின் பிற்பகுதி வரை ஆங்கிலேய அதிகாரி ஒருவரும் நிலையாக வசிக்கவில்லை. உள்ளூர் வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த ஈஸா பின் அப்துல் லத்தீப் என்பவரே 1935 வரை அங்கே ரெஸிடென்ஸி ஏஜெண்டாக இருந்தார். அவருக்கு முன் அவருடைய தந்தையார் அப்பதவியை வகித்தார். அந்த நீண்ட கரையில் நடந்தது என்ன என்பதைப் புஷயர் பெரும்பாலும் இவர்களுடைய கடிதங்களிலிருந்தே தெரிந்துகொண்டது. கப்பலுக்கு வழி காட்டியவர்களும் அந்த நீரிலே பிறந்து வளர்ந்த அரபு மாலுமிகள்தாம். தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் மகனுக்குச் சொல்லி வந்த திட்டுகளும் கால்வாய்களும் கடற்படைப் புத்தகத்தில் அச்சேறின. சொன்னவனுடைய பெயர் அதில் இடம் பெறுவது அரிது.

இவ்வகை அறிவின் சிகரம் என்று ஒரு புத்தகத்தைச் சொல்லலாம். 1903-இல் கர்ஸான் பிரபு யுத்தக் கப்பல்கள் சூழ வளைகுடாவைச் சுற்றி வந்தார். அதன் பின் லாரிமர் என்னும் ஸிவில் ஸர்விஸ் உத்தியோகஸ்தர், அப்பிரதேசத்தைப் பற்றி ஒரு கைப்புத்தகம் தயாரிக்கப் பணிக்கப்பட்டார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை பல வருஷங்கள் நீண்டது. கைப்புத்தகம் சுமார் 5,000 பக்கங்களாக வளர்ந்தது. பூகோளப் பகுதி 1908-இலும், சரித்திரப் பகுதி 1915-இலும் கல்கத்தாவில் அச்சாயின. லாரிமர் அதற்குள் 1914-இல் புஷயரில் தம்முடைய கைத்துப்பாக்கி தற்செயலாக வெடித்து இறந்துபோனார். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை வீடுகள், எத்தனை படகுகள், கிணற்று நீர் நல்லதா உப்பா, எந்தக் குலத்தார் வசிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. இரு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வளைகுடா உத்தியோகஸ்தர்கள் எதற்கும் முதலில் புரட்டியது அதைத்தான். எனினும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அது ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கிராமத்தாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்கள் அதைக் கண்டதில்லை. எந்த நாட்டின் வரிப்பணத்தில் அச்சாயிற்றோ, அந்த நாட்டாரும் கண்டதில்லை.

அறிந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்பது நியாயம். 1925-இல் லாரன்ஸ் என்ற கப்பல் புஜைராவின் கோட்டை மீது குண்டு பொழிந்தது; அடிமைப் பெண் ஒருத்தியைப் பற்றிய விவகாரத்தில் ஷேக்கைப் பணிய வைப்பதற்காக. அடிமை வாணிகத்தை ஒழிப்பது நல்ல காரியமே. ஆயினும் அந்த லாரன்ஸ் இந்தியக் கடற்படைக் கப்பல் என்பதை நாம் மறக்கலாகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1929-இல் உலக வர்த்தகம் குலைந்தது. ஜப்பானியர் வளர்ப்பு முத்துக்களைக் கொண்டுவந்தனர். வளைகுடாவின் முத்துக் குளிப்பு நொடித்துப்போயிற்று. படகுகளை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்தவர்கள் இந்த வீழ்ச்சியையும் எழுதி வைத்தார்கள். ஆனால் படகுகள் எண்ணப்பட்டது கடலைக் காப்பதற்காக. குளிப்பவனின் கடனைத் தீர்ப்பதற்காக அன்று.

இதற்கிடையே பாரஸீகம் விழித்தெழுந்தது. ரேஸா ஷா இத்தாலியில் ஆறு யுத்தக் கப்பல்களைக் கட்டுவித்தார்; 1932-இன் இறுதியில் அவை வளைகுடாவுக்கு வந்தன. அவற்றில் பெரியவை இரண்டு. ஒன்றுக்குப் 'பாபர்' என்று பெயர், அதாவது புலி. மற்றொன்று 'பலங்', சிறுத்தை. ஹெஞ்ஜாமில் அந்நியக் கடற்படைக்கு இடமில்லை என்ற வற்புறுத்தல் வலுத்தது. 1935-இல் பிரிட்டிஷ் கடற்படை அத்தீவை விட்டுப் பாஹ்ரேனின் ஜுபைருக்குக் குடிபெயர்ந்தது. அது முதல் புலியும் சிறுத்தையும் பிரிட்டிஷாரின் கண்காணிப்புக்கு உரிய பொருள்களாயின.

1941 ஆகஸ்டு 25-ஆம் தேதி விடியற்காலம். ஜெர்மானியரின் செல்வாக்கைக் காரணம் காட்டி, தெற்கே பிரிட்டிஷாரும் வடக்கே ருஷ்யரும் பாரஸீகத்துக்குள் புகுந்தார்கள். ஆபாதானில் கட்டிக் கிடந்த பலங்கை ஷோர்ஹாம் சுட்டு மூழ்கடித்தது. கோரம்ஷஹரில் பாபரை ஆஸ்திரேலியக் கப்பல் யாரா மூழ்கடித்தது. பாரஸீகக் கடற்படைத் தலைவர் பயந்தோர் அன்றே மாண்டார். சில மணி நேரத்தில் ஒரு சிறு தேசத்தின் கடற்படை இல்லாமற் போயிற்று. இத்தனை வருஷம் ஆற்றின் ஆழமும் துறைகளின் நிலையும் பார்த்து வைத்ததன் பலனை அந்த விடியலில் காண்கிறோம். ஆபாதானில் இறங்கிய காலாட்படையோ இந்தியக் காலாட்படை.

நம் தேசம் இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்தியா ஆண்டுதோறும் 1,00,000 பவுன் கட்டி வந்தது. 1938-இல்தான் அது நின்றது, அதுவும் நாம் சொந்தச் செலவில் கப்பல்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்திய மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது, அது தொடங்கிய இடம் 'தல்வார்' என்னும் செய்தித் தொடர்புப் பள்ளி. எஜமானரின் செய்திகளை அனுப்பக் கற்றவர்கள் அன்று தங்கள் செய்தியை அனுப்பினார்கள்.

1947-இல் இந்தியா சுதந்திரம் அடையவே, வளைகுடா விவகாரங்கள் லண்டன் வெளிநாட்டிலாகாவின் கைக்குப் போயின. பழைய தஸ்தாவேஜுகளும் லண்டனில் தங்கின. 2014 முதல் அவற்றில் பல லட்சம் பக்கங்கள், கத்தார் நாட்டாரின் முயற்சியால் எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டு வருகின்றன. முத்துக் குளித்தவனுடைய பேரன், தன் பாட்டனாரின் கிராமத்தில் எத்தனை படகுகள் இருந்தன என்பதை, வேவு பார்த்தவர்களின் ஏட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறான். அவனுக்கு வேறு ஏடு கிடையாது.

நாம் வகுப்பில் பூகோளப் படத்தை விரிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. கடலின் ஆழத்தைக் குறித்த ஒவ்வோர் எண்ணும் எவனோ ஒருவன் கயிற்றை இறக்கி அளந்தது. அவனுக்கு வழி சொன்னவன் வேறொருவன். எண்ணைக் கற்பிக்கும் நாம் அந்த இருவரையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.