குறிஞ்சி 'புதிய' செடியான கதை

நீலகிரியிலும் பழனி மலையிலும் பன்னிரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைச் சங்கப் புலவர்கள் நன்கறிவர். மலை நிலத்திற்கே அதன் பெயரைச் சூட்டினர். ஆயினும் தாவர நூலாரின் ஏட்டில் அது 1832இல்தான் 'புதிய' செடியாகப் பதிவாயிற்று. இஃது எங்ஙனம்?

ஒரு செடியின் உறுப்புகளை விவரித்து, இருசொற் பெயருடன் வெளியிட்டால்தான் அத்துறையினர் ஏற்பர். 1753இல் வெளிவந்த லின்னேயசின் நூலே தொடக்கக் கணக்கு. அதற்கு முற்பட்ட பெயர் எம்மொழியினதாயினும் செல்லாது. தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. கிரேக்கப் பெயர்களுக்கும் அதே கதிதான்.

ஜெர்மானியரான நீஸ் குறிஞ்சிக்குப் 'பிளெபோபில்லம் குந்தியானம்' என்று பெயரிட்டார். பின்னர் ஆய்ந்தோர், தனிப் பேரினம் வேண்டுமளவு வேற்றுமை இல்லையெனக் கண்டு, 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' பேரினத்தில் சேர்த்தனர். அது ஜாவாச் செடிகளைக் கொண்டு 1826இல் புளூம் நிறுவியது. குடும்பப் பெயர் போல முற்சொல் மாறிற்று. பிற்சொல்லோ 'குந்தியானா' என ஈறு மட்டும் திரிந்து நின்றது.

தோட்டங்களில் பால் வெட்டும் ரப்பர் மரமும் இவ்வாறே. 1824இல் அது 'சைபோனியா பிரேசிலியன்சிஸ்'. 1865இல் 'ஹீவியா பிரேசிலியன்சிஸ்' ஆயிற்று. 'ஹீவியா' 1775இலேயே அச்சேறிய பேரினப் பெயர், மூத்ததே வென்றது.

முருங்கைக்கோ அதன் பெயரே 'மொரிங்கா' என லத்தீன் உடை தரித்துப் பேரினமாயிற்று. குறிஞ்சிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மூணாற்றுப் பக்கம் 2018இல் அது பூத்தது. கணக்குப்படி மறுமுறை 2030இல்.