கூத்தும் பாடந்தான்

"புள்ளைகள படிக்கத்தானே ஸ்கூலுக்கு அனுப்புறோம், கூத்தாடவா அனுப்புறோம்?"

பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாயார் எழுந்து கேட்ட கேள்வி இது. அரைப் பேரை விட்டுவிட்டு, மலையிலிருந்து படங்குச் சாக்கோடு நேரே வந்திருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் வரலாற்றுப் பாட நேரத்தில் நாடகம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அது என்ன நாடகம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைய பாடம் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நம்மவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பது, மிச்சமுள்ள 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் அந்த மிச்சப் பேரையும் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்த எண்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அந்த டீச்சர் வேறு வழி பிடித்தார். "உங்க வீட்டிலிருந்து அப்ப யார் யார் போனாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார். மறுநாள் வகுப்பே நிறைந்துவிட்டது. ஒருத்தியின் அப்பாயியுடைய அக்கா போயிருந்தார். ஒருவனின் தாத்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி போயிருந்தார், போன பிறகு இரண்டே கடிதம். தலைமன்னாருக்குப் போன ரயிலை நம் பெரியவர்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்கள் என்பதே பல பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரம் போய் இறங்கினார்கள்.

பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டுக் கோச்சி செய்தார்கள். ஒரு பக்கம் ஏறுகிறவர்கள், மறுபக்கம் நிற்கிறவர்கள். ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அந்த அண்ணனாக நின்றான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, தாத்தா வீட்டில் சொன்னதைத் தன் வாயால் பேசினான். பிறகு வந்த தவணைப் பரீட்சையில் அவன் எண்களை மட்டும் எழுதவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது, அதிலிருந்துதான் இது வந்தது என்று காரணத்தையும் எழுதியிருந்தான். இதற்குப் பெயர் கூத்தடிப்பதா, படிப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

தமிழ்ப் பாடத்துக்கு நம்மிடம் காமன் கூத்து இருக்கிறது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, மன்மதன் எரிந்து, ரதி புலம்புவதை நாம் எல்லாரும் விடிய விடியப் பார்த்திருக்கிறோம். ரதியின் புலம்பலை ஒரு கூத்து வாத்தியாரிடம் கேட்டு எழுதச் சொன்னால், பேச்சுத் தமிழ் எங்கே நிற்கிறது, செய்யுள் தமிழ் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைக்குக் காதாலேயே புரியும். கூத்தில் ரதி வேடத்தை ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். வகுப்பறையில் பெண் பிள்ளைகளும் கட்டலாம், அதனால் கூத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தப்பு விடயத்தில் ஒரு சொல். தப்படிக்கிற வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "உங்கப்பாவோட தப்ப நாளைக்குக் கொண்டு வா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடக் கூடாது. சாவு வீட்டுத் தப்பு என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தால், அந்தப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கே வராது. தப்புக் கலைஞரை முறையாக அழைத்து, வாத்தியாருக்குப் போடுகிற நாற்காலியைப் போட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் அடி பழக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்ய முடியாதென்றால் சும்மா இருப்பதே மேல்.

அடுத்தது நம் பெரியவர்கள். பாடப் புத்தகத்தில் அரசர்கள் வருகிறார்கள், நம்முடைய ஆட்கள் அதிகம் வருவதில்லை. மீனாட்சி அம்மை என்ற பெயரை உங்கள் மகள் கேள்விப்பட்டிருக்கிறாளா? 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி அவர். கூட்டங்களில் மேடையேறிப் பாடுவார். தொழிலாளர் படும் கஷ்டத்தை, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளில் போட்டுப் பாடினார். அந்தப் பாட்டுகளை 1940இல் புத்தகமாகவும் அச்சிட்டார். எழுத்து வாசனை இல்லாதவர்களிடம் செய்தியைக் கொண்டு போக அவர் பிடித்த வழி பாட்டு. சங்கீத டீச்சரும் வரலாற்று டீச்சரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

சி.வி. வேலுப்பிள்ளை பூண்டுலோயாவில் மடகும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அதோடு, நம் சனங்கள் மலையிலும் லயத்திலும் பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். 1984இல் அவர் மறைந்த பிறகு அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக வந்தன. அவர் அன்று செய்ததை ஒரு 8ஆம் தரப் பிள்ளை இன்று தன் லயத்தில் செய்யலாம். அம்மாயி பாடும் தாலாட்டு ஒன்றைக் கேட்டு எழுதினால் அது வீட்டு வேலையாகவும் ஆச்சு, தமிழுக்குப் புள்ளியும் ஆச்சு.

பெரியவர்கள் என்றால் புத்தகத்தில் இருப்பவர்கள்தான் என்றில்லை. தோட்டத்திலிருந்து முதன்முதலாக கெம்பஸ் போன பிள்ளை, பிள்ளை மடுவத்தில் முப்பது வருஷம் பிள்ளை பார்த்த அம்மா, இவர்களும் வகுப்புக்கு வந்து அரை மணி பேசலாம். தேர்தல் நேரத்தில் மட்டும் யாரையும் கூப்பிடாமல் இருந்தால் நல்லது!

எல்லாப் பாடத்தையும் நாடகமாக்கு என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கணக்காகத்தான் செய்ய வேண்டும், பழைய வினாத்தாளையும் செய்யத்தான் வேண்டும். தவணைக்கு ஒன்றிரண்டு பாடம் இப்படி நடந்தால் போதும். நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்துக்கு எடுக்கக்கூடிய ஒரு பாடம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. பிள்ளை வந்து பழைய கதை கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று விரட்ட வேண்டாம். வீட்டில் பழைய பிரசாவுரிமைப் பத்திரம் இருந்தால் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுங்கள், அசலைக் கொடுக்க வேண்டாம். கூத்து வாத்தியாரின் பாட்டுக் கொப்பி கறையான் அரித்துக் கிடந்தால், அவர் இருக்கும்போதே இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மாசி பிறப்பதற்கு முன்பே போய்க் கேளுங்கள். கம்பம் ஊன்றிவிட்டால் அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.