ரப்பருக்குள் இருக்கும் ஆள்

ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களின் ரசிகர்கள் கூடும் இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் கேட்டார்: "ஒங்களுக்கு வேற வேலையே கெடைக்கலியா?" அணுகுண்டுக்கு எதிராக எழுதுகிறவன் ரப்பர் பல்லியைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாமா என்பது அதன் பொருள். நியாயமான கேள்விதான். ஆனால் வெகுஜன சினிமா என்றதும் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது நமக்குச் சுலபமாகிவிட்டது. குத்திய பிறகு அந்தப் பிரதியைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை பாருங்கள்.

கூட்டத்தின் பெயர் ஜி-ஃபெஸ்ட். அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில், ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய ரோஸ்மாண்ட்டில், ஹோட்டல் ஒன்றில் நடந்தது. நான் போனது ஒரு ஜூலை மாதம். இதை எந்த ஸ்டுடியோவும் தொடங்கவில்லை. கனடாவில் ஒரு பள்ளி ஆசிரியர் ஆரம்பித்த ஜி-ஃபேன் என்கிற பத்திரிகையின் வாசகர்கள் 1990களின் நடுவில் சந்தித்துக்கொண்டதிலிருந்து முளைத்தது. நம் பாஷையில் சொன்னால் ஒரு சிற்றேட்டின் வாசகர் வட்டம். வாசகர்களே கட்டுரை வாசிக்கிறார்கள், வாசகர்களே சண்டையும் போடுகிறார்கள். எந்தப் படத்தில் எந்தப் பழைய உடையை ஒட்டுப்போட்டு மறுபடி பயன்படுத்தினார்கள் என்று அரைமணி நேரம் வாதம் நடந்ததைக் கேட்டேன். பாடபேதம் பற்றிப் புலவர்கள் அடித்துக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த மிருகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா 'பிராவோ' என்கிற ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. 15 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சாம்பல், மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் விழுந்தது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவரான குபோயாமா செப்டம்பர் 23 அன்று செத்துப்போனார். அடுத்த ஆறு வாரத்தில், நவம்பர் 3ஆம் தேதி, தோஹோ நிறுவனத்தின் 'கோஜிரா' திரைக்கு வந்தது. ஒரு கப்பலில் திடீரென்று வெளிச்சம், தீ, வானொலி இயக்குபவர் உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே இருக்கிறார்: படம் அப்படித்தான் தொடங்குகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது கற்பனை இல்லை, செய்தித்தாள்.

அமெரிக்காவுக்கு வரும்போது அதற்கு என்ன ஆச்சு என்பதுதான் விஷயம். 1956இல் வெட்டி ஒட்டிய வடிவத்தில், ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராகப் புதிதாகப் படமெடுத்து நடுவில் செருகினார்கள். ஹைட்ரஜன் குண்டு என்கிற வார்த்தை மிஞ்சியது. ஆனால் ரயிலில் போகும் பெண், நாகசாகியில் தப்பித்தது இதற்குத்தானா என்று அலுத்துக்கொள்ளும் காட்சி போச்சு. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரும் என்று கிழட்டு விஞ்ஞானி கடைசியில் சொல்லும் எச்சரிக்கையும் போச்சு. உலகம் பிழைத்துக்கொண்டது என்று நிருபர் முடித்துவைத்தார். 1998 ஹாலிவுட் படத்தில் மிருகத்தை உருவாக்கியது பிரான்சின் அணுச்சோதனை. 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: பசிபிக்கில் குண்டு வெடித்தது சோதனைக்காக இல்லையாம், மிருகத்தைக் கொல்வதற்காம். குற்றத்தைத் தற்காப்பாக மாற்றிக் காட்டும் சொல்லாடலுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

இந்த அழித்தெழுதலைக் கொண்டாடும் கூட்டத்தைத்தான் எதிர்பார்த்துப் போனேன். நான் கணித்தது தப்பு. வெட்டாத மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு முறையாக வந்தது 2004இல்தான். அதற்கு முன்பே இந்தப் பைத்தியங்கள் வீடியோ கேசட்டுகளைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். 1956 வடிவத்தில் எந்த நிமிடம் எது காணாமல் போனது என்று விரல்விட்டுச் சொல்கிறார்கள். காப்பகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று, அவர்கள் அந்த உடைக்குள் இருந்த ஆளைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பெயர் ஹாருவோ நாகாஜிமா. 1954 முதல் 1972 வரை 12 படங்களில் கோஜிராவாக நடந்தவர். முதல் உடை கிட்டத்தட்ட 100 கிலோ. பொம்மை நகரம் நிஜ நகரம்போலக் கனமாகச் சரிய வேண்டுமென்றால் கேமராவை வேகமாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் விளக்கு அதிகம் வேண்டும். விளக்கு கூடினால் ரப்பருக்குள் இருக்கிற மனுஷன் வெந்துபோவான். மயங்கி விழுந்திருக்கிறார். மிருகமாக நடித்தது போதும் என்றானபின் தோஹோ நிறுவனத்துக்குச் சொந்தமான பவுலிங் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். முகமே தெரியாமல் உழைத்த அந்த உடல், வயதான காலத்தில் அமெரிக்க ரசிகர் கூட்டங்களுக்கு வந்து முகத்தோடு மேடை ஏறியது. 2017இல் தன் 88ஆம் வயதில் இறந்தார். நட்சத்திரத்தின் முகத்தைத் தெய்வமாக்குகிற ரசிக மனம் நாம் அறிந்தது. இது ஒரு கூலித் தொழிலாளியின் வியர்வையை ஞாபகம் வைத்திருக்கிற ரசிக மனம்.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 1962இல் வந்த கிங்காங்கும் கோஜிராவும் மோதும் படத்தில், ஜப்பானிய நடிகர்கள் உடம்பெல்லாம் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு தீவுவாசிகளாக ஆடுகிறார்கள். அரங்கு சிரித்தது. எனக்கு உட்கார முடியவில்லை. பிராவோவின் சாம்பல் படகில் மட்டுமா விழுந்தது? ரொங்கெலாப் தீவில் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். மக்களை அப்புறப்படுத்தியது இரண்டு நாள் கழித்து. 1957இல் இனி ஆபத்தில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1985இல் அவர்களாகவே கிரீன்பீஸ் கப்பலில் ஏறி ஊரைவிட்டு வெளியேறினார்கள். அமெரிக்க வெட்டில் அவர்கள் இல்லை. மூலப்படத்திலும் இல்லை. ஜப்பான் தன்னைப் பலியாளாக மட்டுமே பார்த்துக்கொண்ட கதையாடல் அது. இயக்குநர் ஹோண்டா சீனாவில் சிப்பாயாக இருந்துவிட்டு 1946இல் ஹிரோஷிமா வழியாக ஊர் திரும்பியவர். பொம்மை நகரத்தை வடிவமைத்த சுபுராயா, பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பொம்மைக் கப்பல்களை வைத்து 1942இல் பிரச்சாரப் படமாக்கியவர். அதே கை.

ஓர் அமர்வில் எழுந்து கேட்டுவிட்டேன்: மார்ஷல் தீவுக்காரர்கள் இந்தப் படங்களில் எங்கே? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஸ்பாஞ்சு வாலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நடுவயது ஆள் ஒருவர் சொன்னார்: "நீங்க சொல்றது சரி. அவங்க இல்ல. ஆனா பிராவோங்கிற பேரையே எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு யாரும் சொல்லல. இந்தப் பொம்மைதான் சொல்லிச்சு." என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. 2024 மார்ச்சில் 'ஓப்பன்ஹைமர்' ஏழு ஆஸ்கர் வாங்கிய அதே இரவில், 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' காட்சி விளைவுகளுக்கான விருதை வாங்கியபோது அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் வேஷம் போட்டவர்களின் ஊர்வலம் ஒன்று உண்டு. அட்டை, ஸ்பாஞ்சு, பெயிண்ட். கடையில் வாங்கியதைவிட வீட்டில் ஒட்டியதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. ஏழெட்டு வயசுப் பையன் ஒருவனின் வால் பாதியில் கழன்றுவிட்டது. அவன் அப்பா அதைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஓரமாக நின்று பையன் தலையைக் கழற்றினான். முடியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே ரொம்ப வேகுது என்று அம்மாவிடம் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தலையை மாட்டிக்கொண்டு போனான்.